ஸ்லேட்டர் வாத்தியாரும் எங்கள் மூன்று ஏக்கரும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள் சரித்திரப் பாடத்துக்கு ஏதோ எழுத வேண்டும் என்று உட்கார்ந்திருந்தாள். இங்கிலாந்து கிராமங்களில் பொதுவாக இருந்த நிலங்களை எப்படி வேலி போட்டு வளைத்தார்கள் என்பது தலைப்பு. "அப்பா, நீங்க காமர்ஸ்தானே, கொஞ்சம் பாருங்க" என்றாள். காமர்ஸுக்கும் வேலிக்கும் என்ன சம்பந்தமோ தெரியவில்லை. இருந்தாலும் பெண் பிள்ளை கேட்டு முடியாது என்று சொல்ல முடியுமா? தேடியதில் 1907ல் வந்த ஒரு பழைய புத்தகம் அகப்பட்டது. எழுதியவர் கில்பர்ட் ஸ்லேட்டர்.

யார் இந்த ஆள் என்று பார்க்கப் போனால் இரண்டு ஆச்சரியம். இவர் 1905 வாக்கில் எங்கள் வுலிச்சுக்கு மேயராக இருந்திருக்கிறார். ஆம், நான் தினமும் ரயில் பிடிக்கும் அதே வுலிச். அதைவிடப் பெரிய ஆச்சரியம், 1915ல் மெட்ராஸ் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக நம் ஊருக்குப் போயிருக்கிறார். நான் சித்தூரிலிருந்து வுலிச்சுக்கு வந்தேன். அவர் நூறு வருடத்துக்கு முன்னால் வுலிச்சிலிருந்து நம் பக்கம் போனார். அவர் போனது பாடம் நடத்த. நான் வந்தது எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

மகளின் ஹோம்வொர்க் அன்றே முடிந்துவிட்டது. எனக்குத்தான் மூன்று வாரமாக இந்த மனிதர் தலைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார்.

ஸ்லேட்டர் 1864ல் பிளிமத்தில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்தவர். ஆனால் படித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துவிட்ட ஆள் இல்லை. வுலிச் அப்போது பீரங்கி, வெடிமருந்து செய்யும் அரசுத் தொழிற்சாலையை நம்பி வாழ்ந்த தொழிலாளர் ஊர். 1903லேயே தொழிற்கட்சிக்காரர் வில் குரூக்ஸை பார்லிமெண்டுக்கு அனுப்பிய ஊர். அங்கே நகராட்சி அரசியல் செய்துகொண்டே அந்த வேலிப் புத்தகத்தை எழுதியிருக்கிறார். 1909ல் ஆக்ஸ்போர்டில் ரஸ்கின் கல்லூரியின் முதல்வரானார். ரஸ்கின் என்பது வேலைக்குப் போகும் தொழிலாளிகள் வந்து படிப்பதற்கென்றே 1899ல் ஆரம்பித்த கல்லூரி. எதைப் படிப்பது, யார் சொல்லிக்கொடுப்பது என்று மாணவர்கள் 1909ல் வேலைநிறுத்தமே செய்தார்கள். அந்த ரகளை முடிந்த சூட்டோடு பொறுப்பேற்றவர் இவர். ஆறு வருடம் ஓட்டினார். முதல் உலகப் போர் வந்தது. 1915ல் மெட்ராஸ்.

வேலிப் புத்தகம் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. பழைய இங்கிலாந்து கிராமத்தில் வயல்கள் நீள நீளப் பட்டைகளாக இருக்கும், நடுவில் வேலி கிடையாது, அறுவடை முடிந்தால் ஊர் மாடுகள் மேயும். பார்லிமெண்டில் ஒரு சட்டம் போட்டு அதையெல்லாம் துண்டு துண்டாகப் பிரித்து வேலி கட்டினார்கள். காகிதம் வைத்திருந்தவனுக்கு நிலம் கிடைத்தது. ஒரு மாட்டை மேய்த்துப் பிழைத்தவனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, கூலிக்காரன் ஆனான். ஸ்லேட்டர் இதை ஊர் ஊராகக் கணக்கெடுத்து எழுதினார். நாட்டிங்ஹாம்ஷயரில் லாக்ஸ்டன் என்ற ஊரில் இன்றும் அந்தப் பழைய வயல் முறை இருக்கிறது. ஒரு விடுமுறைக்குக் குடும்பத்தோடு போய்ப் பார்க்க வேண்டும்.

இந்தக் கண்ணோடு அவர் மெட்ராஸில் இறங்கினார். அங்கே பொருளாதாரம் என்றால் இங்கிலாந்துப் புத்தகம்தான். லண்டன் சந்தை, மான்செஸ்டர் ஆலை எல்லாவற்றையும் நம் பிள்ளைகள் உருப்போட்டுப் பரீட்சை எழுதினார்கள். (எண்பது வருடம் கழித்து சித்தூரில் பி.காம் படித்த நானும் ஏறக்குறைய அதையேதான் செய்தேன்.) ஸ்லேட்டர் செய்த காரியம் ரொம்ப எளிமையானது. ஒரு கேள்வித்தாள் தயாரித்தார். "லீவுக்கு ஊருக்குப் போகிறீர்கள் அல்லவா, உங்கள் ஊரைப் பற்றியே இதில் எழுதிக்கொண்டு வாருங்கள்" என்று மாணவர்களிடம் கொடுத்தனுப்பினார். ஊரில் எத்தனை வீடு, நிலம் யாருடையது, உழுவது யார், குத்தகை எவ்வளவு, கூலி எவ்வளவு, கடன் யாருக்கு யாரிடம்.

அப்படி வந்தவற்றைத் தொகுத்து 1918ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். தென்னிந்திய கிராமங்கள் சில என்கிற மாதிரி சாதுவான தலைப்பு. திருநெல்வேலிப் பக்கம் கங்கைகொண்டான், ராமநாதபுரம் ஜில்லாவில் வடமலைபுரம், தஞ்சாவூர் ஜில்லாவில் பாலக்குறிச்சி, தென்னாற்காட்டில் இருவேல்பட்டு, வடஆற்காட்டில் தூசி. இன்னும் கேரளா, ஆந்திரா பக்கத்து ஊர்களும் உண்டு. தூசி என்று பார்த்ததும் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம். காஞ்சிபுரத்தை ஒட்டிய அந்த ஊர் இன்று திருவண்ணாமலை மாவட்டம். ஆனால் 1911 வரை வடஆற்காடு ஜில்லாவுக்குத் தலைநகரம் எங்கள் சித்தூர்தான். 1911ல் சித்தூரைத் தனி ஜில்லாவாகப் பிரித்த பிறகுதான் கலெக்டர் ஆபீஸ் வேலூருக்குப் போனது. அந்த மாணவர் கேள்வித்தாளோடு தூசிக்குப் போவதற்குச் சில வருடம் முன்பு வரை தூசிக்காரர் மனு கொடுக்க சித்தூருக்குத்தான் வந்திருப்பார்.

அந்தப் புத்தகத்தில் என்னை உலுக்கிய இடம் இருவேல்பட்டு. அங்கே படியாள் என்று ஒரு பிரிவினரைப் பற்றி எழுதியிருக்கிறது. மகனுக்குக் கல்யாணம் என்று நிலக்காரரிடம் கொஞ்சம் பணம் வாங்குவார். அந்தக் கடன் அடையவே அடையாது. அவர் வேலை செய்துகொண்டே இருப்பார். அவருக்குப் பிறகு மகன், மகனுக்குப் பிறகு பேரன். நிலக்காரர் நிலத்தை விற்றால் படியாளும் நிலத்தோடு சேர்ந்து அடுத்தவரிடம் போவார். 1918ல் அச்சில் வந்தது இது. கொத்தடிமை முறையை ஒழிக்க இந்தியாவில் சட்டம் வந்தது 1976ல். நடுவில் ஐம்பத்தெட்டு வருடம்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 1916ல் மெட்ராஸ் காலேஜ் வரை வந்து எம்.ஏ., பி.ஏ. படித்தவர்கள் யார்? பெரும்பாலும் நிலமுள்ள குடும்பத்துப் பிள்ளைகள். அந்தப் பிள்ளை லீவுக்குப் போகிறான். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேள்வித்தாளைப் பிரிக்கிறான். "கடன் யாருக்கு யாரிடம்" என்ற கேள்விக்குப் பதில் எங்கேயோ ஊர்க்கோடியில் இல்லை. மாட்டுக்கொட்டகையில் சாணி அள்ளிக்கொண்டு எதிரிலேயே நிற்கிறது. பிறந்ததிலிருந்து தினமும் பார்த்ததை அன்றைக்குத்தான் முதல் தடவையாக எழுத வேண்டியிருக்கிறது. ஸ்லேட்டர் பெரிய தத்துவம் ஏதும் கண்டுபிடிக்கவில்லை. பொருளாதார மேதைகள் வரிசையில் அவர் பெயர் வராது. ஆனால் ஒரு பிள்ளையை அவன் வீட்டுத் திண்ணையிலேயே உட்காரவைத்துக் கணக்கெழுதச் சொன்னார் பாருங்கள், அதற்காகவே அவரை வாத்தியார் என்று சொல்லலாம் என்பது என் கட்சி.

அவரைத் தூக்கிவைத்துக் கொண்டாடவும் நான் தயாரில்லை. நம் மொழி தெரியாதவர். மாணவர்கள் எழுதியதை நம்பித்தான் நின்றார். நிலக்காரர் வீட்டுப் பிள்ளை எழுதிய கணக்கில் எவ்வளவு விடுபட்டிருக்கும் என்று யாருக்குத் தெரியும்? பேராசிரியர் வேலை 1921ல் முடிந்ததும் மெட்ராஸ் சர்க்காரின் விளம்பர அதிகாரியாகச் சேர்ந்தார். ஒத்துழையாமை இயக்கம் ஓங்கியிருந்த நேரத்தில் வெள்ளைக்கார சர்க்காருக்கு வக்காலத்து! வுலிச்சில் தொழிலாளர் பக்கம் நின்றவருக்கு இது எப்படிப் பொருந்தியதோ. நம்மவர்கள் அவரை நினைப்பது வேறு ஒன்றுக்காக: 1924ல் அவர் எழுதிய, இந்தியப் பண்பாட்டில் திராவிடர் பங்கு பற்றிய புத்தகம். நம்மைப் பெருமையாகச் சொன்னவர் என்பதால் அதை மட்டும் எடுத்துக்கொண்டோம். படியாள் பற்றிய பக்கங்களை யாரும் மேடையில் சொல்லி நான் கேட்டதில்லை. ஓய்வுக் காலத்தில் ஷேக்ஸ்பியர் ஒருவர் இல்லை, ஏழு பேர் என்று 1931ல் ஒரு புத்தகமும் எழுதினார். பெரிய மனிதர்களுக்கும் ஒரு கிறுக்கு வேண்டும்தானே. 1938ல் காலமானார்.

ஆனால் அந்தக் கேள்வித்தாள் சாகவில்லை. அவருக்குப் பின் அதே நாற்காலிக்கு வந்த பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களை மறுபடி ஆராய்ந்து 1940ல் புத்தகம் போட்டார்கள். 1960களில் மார்கரெட் ஹாஸ்வெல் என்ற அம்மையார் போனார். 1980களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் எஸ். குகனும் அவருடன் இருந்தவர்களும் போனார்கள். இருவேல்பட்டுக்கு 2008ல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் மறுபடி போனார்கள். ஒரே ஊருக்குத் தொண்ணூறு வருடம் திரும்பத் திரும்பப் போய் அதே கேள்விகளைக் கேட்டிருக்கிறார்கள். பெரிய நிலக்காரர் பிடி தளர்ந்தது, படியாள் முறை போனது, ஆட்கள் வெளிவேலைக்குப் போகத் தொடங்கியது எல்லாம் அதில் தெரிகிறது. வங்கிக்காரன் என்ற முறையில் எனக்கு இது பிடித்திருக்கிறது. ஒரு வருட பேலன்ஸ் ஷீட்டை வைத்து எவனும் எதுவும் சொல்ல முடியாது.

நிற்க. இங்கிருந்து என் சொந்தக் கதை. ஸ்லேட்டரின் முதல் கேள்வியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நிலம் யாருடையது, உழுவது யார்?

நான் 2004லிருந்து ஒன்பது வருடம் திருப்பதியில் ஒரு வங்கிக் கிளையில் வேலை பார்த்தேன். திருப்பதி என்றதும் உங்களுக்கு மலை, லட்டு, க்யூ ஞாபகம் வரும். எனக்கு பயிர்க்கடன் ரினீவல் ஞாபகம் வரும். சந்திரகிரி பக்கம், ரேணிகுண்டா பக்கம் கிராமங்களிலிருந்து வருவார்கள். கையில் பட்டாதார் பாஸ்புக், அடங்கல் நகல். அடங்கலில் இரண்டு கட்டம் இருக்கும். ஒன்று பட்டாதார், அதாவது சொந்தக்காரர். இன்னொன்று அனுபவதார், அதாவது நிலத்தை அனுபவித்து சாகுபடி செய்பவர். வெள்ளைக்காரன் காலத்துக் கணக்குதான், ஆனால் யோசித்துத்தான் கட்டம் போட்டிருக்கிறான். நான் பார்த்த அடங்கல்களில் மிகப் பெரும்பாலும் இரண்டு கட்டத்திலும் ஒரே பெயர்தான் இருக்கும். அந்தப் பெயர்க்காரர் சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பார். சட்டையில் மடிப்புக் கலையாமல் காரில் வந்து இறங்கி, பயிர்க்கடன் பாரத்தில் வேர்க்கடலை என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். வேர்க்கடலை எந்த மாதம் விதைப்பது என்று கேட்டால் டிரைவரைத் திரும்பிப் பார்ப்பார்.

உண்மையில் விதைத்தவர் கிளைக்கு வெளியே நின்றுகொண்டிருப்பார். எங்கள் பக்கம் அவரை கவுல்தாரர் என்போம். கவுலு என்றால் குத்தகை. தெலுங்குதான், ஆனால் சித்தூர்த் தமிழில் அது எங்கள் வார்த்தை. அவரிடம் ஒரு காகிதமும் இருக்காது. எல்லாம் வாய்ப்பேச்சு. ஏன் என்றால் 1956ல் ஆந்திராவில் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. காகிதத்தில் எழுதினால் உழுபவன் பாத்தியதை கொண்டாடிவிடுவான் என்று நிலக்காரர்களுக்கு ஒரு பயம். அதனால் எழுதுவதையே விட்டுவிட்டார்கள். பாதுகாக்க வந்த சட்டம் ஆளையே கணக்கிலிருந்து மறைத்துவிட்டது.

இதில் பணக்கணக்கு என்ன என்று பாருங்கள். பயிர்க்கடன் 7 சதவீதம். கெடுவுக்குள் கட்டினால் மத்திய அரசு 3 சதவீதம் தள்ளுபடி தரும், மிச்சம் 4. காகிதம் இல்லாதவர் வெளியே வாங்குவது நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டி, அதாவது வருடத்துக்கு 24. ஒரு லட்சம் ரூபாய்க்கு பட்டாதார் கட்டும் வட்டி 4,000. கவுல்தாரர் கட்டுவது 24,000. ஒரே மண்ணுக்கு, ஒரே பயிருக்கு. பயிர் இன்சூரன்ஸ், வெள்ள நிவாரணம், எல்லாமே அடங்கலில் பெயர் இருப்பவருக்குத்தான் முதலில் போகும். மழை பொய்த்தால் நஷ்டம் மட்டும் உழுதவருக்கு.

2011ல் ஆந்திர அரசு ஒரு சட்டம் போட்டு கவுல்தாரர்களுக்குக் கடன் தகுதி அட்டை கொடுத்தது. அந்த அட்டையோடு சிலர் எங்கள் கிளைக்கு வந்தார்கள். நாங்கள் என்ன செய்தோம்? சர்வே நம்பரைத் தட்டிப் பார்ப்போம். அதே நிலத்தின் மேல் பட்டாதார் ஏற்கனவே கடன் வாங்கியிருப்பார். "ஒரு நிலத்துக்கு இரண்டு கடன் தரமுடியாதுங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவோம். விதிப்படி சரி. நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன் என்று கணக்கில்லை. சாயந்திரம் கவுண்டரை மூடிவிட்டு டீ குடிக்கப் போவேன். ஒரு நாளும் தூக்கம் கெட்டதில்லை.

இப்போது நான் ஏன் வுலிச்சுக்கு வந்தேன் என்பதற்கு வருகிறேன். வந்தது 2013ல். எதற்கு என்று கேட்டால் எல்லோரும் சொல்லும் பதில்தான், பிள்ளை படிப்பு. எப்படி வந்தேன் என்பதுதான் விஷயம். விசா கட்டணம், டிக்கெட், இங்கே முதல் இரண்டு மாத வாடகை எல்லாவற்றுக்கும் கையில் பணம் போதவில்லை. அப்பாதான் கொடுத்தார். எங்கே இருந்து? சித்தூருக்குப் பக்கத்தில் எங்களுக்கு மூன்று ஏக்கர் இருக்கிறது. அதன் மேல் அப்பா எடுத்த பயிர்க்கடன். பாரத்தில் கரும்பு என்று எழுதியிருந்தார். கரும்பு இருந்தது உண்மை. ஆனால் அதை நட்டது அப்பா இல்லை. அவர் ஓய்வு பெற்ற ஆசிரியர். நட்டது எங்கள் கவுல்தார அண்ணன். அந்த வருடக் கரும்புக்கு அவர் வெளியே இரண்டு ரூபாய் வட்டிக்குத்தான் பணம் வாங்கினார். 4 சதவீதக் காசில் நான் ப்ளேன் ஏறினேன். 24 சதவீதக் காசில் அவர் வெல்லம் காய்ச்சி சித்தூர் மண்டிக்கு வண்டி ஏற்றினார்.

எனக்குத் தெரியாமல் நடந்தது என்று சொல்ல மாட்டேன். நான் வங்கிக்காரன். பாரத்தை அப்பாவுக்கு நிரப்பிக் கொடுத்தது நான்தான்.

அப்பா 2018ல் தவறினார். கடனை நானும் பெங்களூரில் இருக்கும் தம்பியும் அடைத்தோம். பட்டா எங்கள் இருவர் பெயருக்கும் மாறியது. 2019ல் ஆந்திராவில் புதுச் சட்டம் வந்தது, பயிர் சாகுபடிதாரர் உரிமைச் சட்டம் என்று. நிலக்காரரும் கவுல்தாரரும் பதினொரு மாதத்துக்கு ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அதை வைத்து கார்டு தருவார்கள். அந்தக் கார்டால் பயிரின் மேல்தான் உரிமை, நிலத்தின் மேல் எந்த உரிமையும் வராது என்று சட்டத்திலேயே இருக்கிறது. 2020ல் அண்ணன் எனக்கு போன் செய்தார். "தம்பி, அந்தக் கார்டுக்கு ஒரு கையெழுத்து போட்டுக் குடுத்தீங்கன்னா பேங்க்ல கேட்டுப் பாப்பேன்" என்றார். நிலத்தின் மேல் கடன் இல்லை. தடையாக இருந்தது எங்கள் கையெழுத்து ஒன்றுதான்.

சித்தப்பாவைக் கேட்டேன். "டேய், உனக்கென்ன பைத்தியமா? இன்னைக்கு கையெழுத்து, நாளைக்கு கோர்ட்டு. ஊர்ல இருக்கறவங்களே போடல, நீ லண்டன்ல உக்காந்துக்கிட்டு போடுவியா?" என்றார். எனக்கும் அது வசதியாக இருந்தது. "கொரோனா நேரம் அண்ணே, வரமுடியல, அடுத்த வருஷம் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டேன். அடுத்த வருடமும் அதையே சொன்னேன். அதற்கு அடுத்த வருடம் அவர் கேட்கவில்லை.

இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு ஊரில் இரண்டு ஏக்கரோ ஐந்து ஏக்கரோ இருக்கும். சித்தூரோ செய்யாறோ கும்பகோணமோ, ஏதோ ஒரு ஊர். பிள்ளைகளுக்கு "இது நம்ம தாத்தா நிலம்" என்று வாட்ஸ்அப்பில் போட்டோ காட்டுவோம். வேலி போட்டாயிற்றா என்று வாரம் ஒரு முறை விசாரிப்போம். யார் உழுகிறார், அவர் எந்த வட்டிக்குக் கடன் வாங்குகிறார் என்று விசாரித்திருக்கிறோமா? பயம் நியாயமானதுதான், அதை நான் கேலி செய்யவில்லை. தூரத்தில் இருப்பவன் நிலத்துக்கு ஆயிரம் தொல்லை. போலிப் பத்திரம், பக்கத்து வரப்புக்காரன், எல்லாம் உண்டு. ஆனால் கணக்கைக் கொஞ்சம் நேர்மையாகப் பார்ப்போம். நிலத்தை உண்மையாகவே வளைத்துக்கொள்பவன் பதினொரு மாத ஒப்பந்தம் கேட்டு வரமாட்டான். அவனுக்கு ரிஜிஸ்தர் ஆபீசில் ஆள் இருக்கும். இருபது வருடம் வரப்பு வெட்டி, நமக்குத் தேங்காயும் மாம்பழமும் கட்டி அனுப்பி, கேட்டதற்கு இல்லை என்றதும் மௌனமாகப் போனவரைத்தான் நாம் திருடன் மாதிரி பார்க்கிறோம். மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு, ஒரு வக்கீலைக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். ஆனால் கேட்கவாவது கேளுங்கள். லண்டனில் வாடகை வீட்டுக்கு வருபவரிடம் ஆறு பக்க அக்ரிமெண்ட் போட்டுக்கொள்ளும் நாம்தான், ஊரில் உழுபவரிடம் மட்டும் "நமக்குள்ள என்ன காகிதம்" என்கிறோம்.

நிலமே வேண்டாம், விற்றுவிடு என்று தம்பி சொல்கிறான். விற்கலாம்தான். ஆனால் விற்கும்போது அண்ணன் என்ன ஆவார் என்று கேட்டால் அவனிடம் பதில் இல்லை. எனக்கு உடனே இருவேல்பட்டு படியாள் ஞாபகம் வந்தது. நிலத்தோடு சேர்ந்து கைமாறினார் என்றாவது அங்கே எழுதியிருக்கிறது. எங்கள் கணக்கில் இவர் கைமாறக்கூட மாட்டார், பெயரே இல்லையே.

போன சனிக்கிழமை ஸ்லேட்டரின் கேள்விகளை ஒரு தாளில் தமிழில் எழுதி வைத்துக்கொண்டு அண்ணனுக்கு போன் போட்டேன். மகளும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இந்த வருடம் என்ன பயிர், போர் எத்தனை அடியில் தண்ணீர், ஆள் கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு, யாரிடம், என்ன வட்டி. பொறுமையாகப் பதில் சொன்னார். வட்டி இப்போதும் அதே இரண்டு ரூபாய். மூத்த பெண் கல்யாணத்துக்கு வாங்கியது தனியாக ஓடுகிறதாம். அது எவ்வளவு என்று கேட்டேன். சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர் ஒரு கேள்வி கேட்டார்.

"இதெல்லாம் எதுக்கு தம்பி கேக்கறீங்க? நெலத்த விக்கப் போறீங்களா?"

இல்லை அண்ணே, அந்தக் கார்டு விஷயம் என்றேன். ஜூன் இரண்டாவது வாரம் டிக்கெட் போட்டிருக்கிறேன், வந்து கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு மெதுவாக, "பெரிய தம்பி நீங்க சரி. சின்னவரும் போடணுமே, பட்டாவுல ரெண்டு பேராச்சே" என்றார்.

அடங்கலை என்னைவிட அவர் நன்றாகப் படித்திருக்கிறார். தம்பிக்கு அன்றைக்கே போன் செய்தேன். சித்தப்பா சொன்னதையே சொல்லிவிட்டு, "யோசிச்சு சொல்றேன்" என்றான். இன்றோடு ஆறு நாள் ஆகிறது.